ஒரே ஒரு சோடி ஸ்கீ: கொழும்பிலிருந்து மலைக்குப் போகும் பெண்களுக்கு

இது, காலில் நீண்ட பலகை பூட்டிப் பனியில் சறுக்குகிற ஸ்கீயைப் புதிதாகப் பழகுபவர்களுக்கு இல்லை. சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ படித்த காலத்தில், வேலை பார்த்த காலத்தில் நன்றாக ஓடிப் பழகி, இப்போது கொழும்பில் குடும்பம், வேலை என்று இருந்துகொண்டு, வருடத்தில் ஒரு தடவையாவது மலைக்குப் போய்விட வேண்டும் என்று தவிக்கிற பெண்களுக்கு. கறுப்புக் குறி போட்ட, மிகக் கடினமான சரிவில்கூடத் தயங்காமல் இறங்குவீர்கள், ஆனால் வாடகைக் கடையில் உங்களைக் கண்டதும் லேசான, தொட்டால் வளைகிற, பூப்போட்ட ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் ஓடி அலுத்துப்போய்ச் சொந்தமாக வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? வாங்குங்கள். ஆனால் ஒரு சோடி மட்டும், அதுவும் எல்லாச் சரிவுக்கும் ஈடுகொடுக்கிற ஆல் மவுன்டன் வகை. சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற பைண்டிங்கோடு சேர்த்தால் ஒரு சோடி ஐந்தாறு கிலோ வரும், சப்பாத்து இன்னும் நான்கு கிலோவை ஒட்டி வரும், பிள்ளைகளின் குளிர் உடுப்புகள் வேறு. கட்டுநாயக்கவிலிருந்து இரண்டு சோடி காவிக்கொண்டு போவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

முதலில் நாட்காட்டியைத் திறவுங்கள், ஸ்கீயை அப்புறம் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் நமக்குக் கிடைப்பது சித்திரை, ஒகஸ்ட், டிசெம்பர் என்று மூன்று விடுமுறைதான். சித்திரையில் ஐரோப்பா என்றால் செர்மாட், வால் தொரான்ஸ், ஹின்டர்டுக்ஸ் மாதிரி உயரமான இடங்களைத்தான் நம்பிப் போகலாம். செர்மாட்டில் கேபிள் கார் 3,883 மீற்றர் வரை ஏறுகிறது. வால் தொரான்ஸில் நீங்கள் தூங்கி எழும்புகிற ஊரே 2,300 மீற்றர், பிதுருதலாகலை உச்சியைவிட இருநூறு மீற்றர் சொச்சம்தான் குறைவு. அங்கேயும் சித்திரைப் பனி ஒரே நாளில் இரண்டு குணம் காட்டும். இரவு உறைந்தது காலையில் சறசறவென்று சத்தம் போடும் இறுக்கத்தில் இருக்கும், மத்தியானம் தாண்டினால் கூழாகிக் காலைப் பிடித்து இழுக்கும். டிசெம்பர் தொடக்கத்தில் இயற்கைப் பனி போதாமல் இயந்திரம் ஊதிய பனிமேல் ஓடவேண்டி வரும், அது இன்னும் இறுக்கம். ஒகஸ்டில் மெல்பேர்ணுக்கு நேரே பறந்து ஃபோல்ஸ் கிரீக்கோ மவுன்ட் ஹோதமோ போனால் அங்கே பனி ஈரமும் பாரமுமாக இருக்கும். விளம்பரப் படங்களில் இடுப்பளவு பறக்கிறதே புதுப்பனி, அது தை, மாசியில் ஜப்பானின் நிசெகோவிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும் கிடைப்பது. அந்த நேரம் நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆகவே கிடைக்கிற பனிக்கு வாங்குங்கள், கனவில் வருகிற பனிக்கு வேண்டாம்.

இதை வைத்துத்தான் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். ஸ்கீயின் இடுப்பு அகலம் என்பது சப்பாத்துக்கு நேர் கீழே, மிக ஒடுங்கிய இடத்தில் அளப்பது. பெயரோடு ஒட்டி வரும் எண் பெரும்பாலும் அதுதான். 80 மில்லிமீற்றரை ஒட்டியவை இயந்திரம் ஓட்டிச் செப்பனிட்ட சரிவுக்கு அருமை, கூழ்ப்பனியில் அமிழ்ந்துபோகும். 100ஐத் தாண்டினால் புதுப்பனியில் மிதக்கும், ஆனால் உறைந்த காலைச் சரிவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்ற நேரமெடுக்கும். பனியைக் கடிக்கிற உலோக விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளி நிற்பதால் அந்தப் பாரம் முழங்காலில் இறங்கும். நாற்பது தாண்டிய முழங்கால்கள் அதை மாலையிலேயே சொல்லிவிடும். நம் விடுமுறைகளுக்கு 86இலிருந்து 94க்குள் நில்லுங்கள் என்பதுதான் என் கருத்து. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாசியில் டெல்லி வழியாக ஸ்ரீநகர் போய் குல்மார்க் ஏறுவதுதான் வழக்கம் என்றால் கணக்கு வேறு. அங்கே கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீற்றர் வரை கொண்டுபோய் விடுகிறது, மேலே பெரும்பகுதி செப்பனிடாத சரிவு. அதற்கு 98க்கு மேல் எடுங்கள்.

அகலத்தைவிட முக்கியம் உள்ளே என்ன இருக்கிறது என்பது. கடைக்காரர்கள் பெண்களுக்கு லேசானது, வளைவது, களைப்பில்லாதது என்றே கதைப்பார்கள். பழகுபவருக்கு அது சரி. வேகமாக ஓடுகிற உங்களுக்கு இல்லை, ஏனென்றால் லேசான ஸ்கீ பிற்பகல் பனிக் குவியல்களில் அடிபட்டு முனையை ஆட்டும், அந்த ஆட்டத்தை அடக்கி அடக்கியே தொடை களைத்துவிடும். மரக்கருவோடு டைட்டனல் என்கிற அலுமினியக் கலப்புத் தகடு சேர்ந்திருந்தால் ஸ்கீ அமைதியாக ஓடும், இறுக்கப் பனியில் விளிம்பு பிடி விடாது. ஃபோல்க்ல் சீக்ரெட் 88, நோர்டிகா சாண்டா ஆனா வரிசையில் 90ஐ ஒட்டியது, இரண்டிலும் தகடு உண்டு. சீக்ரெட் கொஞ்சம் கறார், பின்னுக்குச் சாய்ந்து நின்றால் உடனே காட்டிக்கொடுக்கும். ஈலான் ரிப்ஸ்டிக்கின் பெண்கள் வகை தகடில்லாமல் கார்பன் குழாய்களோடு வருவது, லேசு. இடம் வலம் என்று குறித்திருக்கும், மாற்றிப் போடக்கூடாது. அது மேடுபள்ளத்திலும் மரங்களுக்கிடையிலும் இனிமையாக இருக்கும், உறைந்த காலையில் அவ்வளவாக இல்லை. பிளிசார்ட் பிளாக் பேர்ல் 88 இந்த இரண்டுக்கும் நடுவில். ஒன்றும் தெரியாமல் ஒன்றை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதை எடுங்கள்.

ஆண்கள் ஸ்கீயையே வாங்கிவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாக வாங்கலாம், பனிக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் ஆண்கள் வகையில் நல்ல மொடல்கள் பல 165 சென்ரிமீற்றர் அளவில்தான் தொடங்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் 155, 160 உயரம், எடையும் அதற்கேற்றது. பெண்கள் வகையில் 150களில் கிடைக்கும், கட்டையான அளவுக்கு விறைப்பும் அளவாகக் குறைத்துச் செய்திருப்பார்கள், பைண்டிங் பூட்டும் இடத்தையும் பலர் சற்று முன்னுக்குக் குறித்திருப்பார்கள். பெண்கள் ஸ்கீயின் உண்மையான பயன் இதுதான், நிறமும் பூவும் இல்லை.

நீளம்: நிமிர்த்தி வைத்தால் மூக்கிலிருந்து உச்சந்தலைக்குள் எங்காவது நிற்கட்டும். நாடி அளவு வாடகைக் கடைக் கணக்கு. முனையில் ரொக்கர் அதிகம், அதாவது முன்பகுதி தரையைத் தொடாமல் எழும்பி நிற்கிறது என்றால், பனியைத் தொடுகிற நீளம் குறையும், ஐந்து சென்ரிமீற்றர் கூட எடுத்தாலும் பாரமாகத் தெரியாது. சப்பாத்துக்குக் கீழே கேம்பர், அதாவது நடு மேலெழும்பிய வளைவு, கட்டாயம் இருக்க வேண்டும், இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்டிப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். திருப்ப ஆரை, அதாவது ஸ்கீ இயல்பாக எடுக்கிற வளைவின் அளவு, 14இலிருந்து 16 மீற்றர் போதும்.

கடையில் கையால் பாருங்கள். வால் தரையில், முனை ஒரு கையில், மற்றக் கையால் நடுவில் அழுத்துங்கள். முனை இலகுவாக வளைந்து, நடு இறுகி, வால் முனையைவிடக் கொஞ்சம் விறைத்து நின்றால் நல்லது. வாலும் தொளதொளவென்று வளைகிறதா, திருப்பி வைத்துவிடுங்கள். ஆனால் கை சொல்வது பாதிதான். மலையடிவாரக் கடைகளில் சோதனை ஸ்கீ வாடகைக்குத் தருவார்கள், ஒரே நாளில் மாற்றி மாற்றி எடுக்கலாம். ஒரே சரிவில், காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை ஓடுங்கள். காலையில் மட்டும் ஓடிப் பார்த்தால் எல்லாத் தகடு போட்ட ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் நல்ல ஸ்கீயும் கெட்டதாகத் தெரியும், அதனால் அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை தீட்டித் தரச் சொல்லிவிட்டே ஏறுங்கள்.

சித்திரையில் போவதில் ஒரு லாபமும் உண்டு, அப்போது கடைகள் பருவ முடிவுத் தள்ளுபடியில் விற்கும். ஒரு மொடல் இரண்டு மூன்று வருடம் அப்படியே இருந்து மேலே படம் மட்டும் மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம், ஆகவே பழைய படத்தோடு வருவதை மனச்சங்கடமில்லாமல் வாங்குங்கள். மிச்சம் பிடித்த காசைச் சப்பாத்தில் போடுங்கள். சப்பாத்து சரியில்லாதவருக்கு எந்த ஸ்கீயும் உதவாது.

பைண்டிங்கை வாங்கிய இடத்திலேயே பூட்டி, உங்கள் சப்பாத்தையே போட்டு அளவு வைத்து எடுங்கள், கொழும்புக்கு வந்து ஆள் தேட வேண்டாம். விழும்போது சப்பாத்து ஸ்கீயிலிருந்து விடுபடும் அளவைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் உங்கள் எடை, உயரம், வயது, சப்பாத்து அடிநீளம், ஓடும் விதம் எல்லாம் கேட்டு வைப்பார். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், முழங்கால் விஷயம் இது. அந்த அளவு 4இலிருந்து 11 வரை உள்ள பைண்டிங் நம்மில் அநேகருக்குப் போதும். கழன்ற ஸ்கீயை நிறுத்துகிற பிரேக் ஸ்கீயின் இடுப்பைவிட ஒரு சென்ரிமீற்றர் வரை அகலமாக இருக்கட்டும். சப்பாத்து மாற்றினால் அளவையும் மறுபடி வைக்க வேண்டும். சப்பாத்தில் நடப்பதற்கு வசதியான கிரிப்வோக் அடிப்பாகம் என்றால் அதை ஏற்கிற பைண்டிங்தானா என்று கேளுங்கள்.

கடைசியாக வீடு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடல் பக்கம் இருப்பவர்கள் இதை வடிவாகக் கவனியுங்கள். ஈரத்தோடு பையில் சுருட்டி வந்த ஸ்கீயை அப்படியே வைத்தால் உப்புக்காற்றில் விளிம்பு முழுக்கச் செம்மஞ்சள் துரு படர்ந்துவிடும். கடைசி நாள் மலையிலேயே அடிப்பக்கமும் விளிம்பும் மூட மெழுகு உருக்கிப் பூசச் சொல்லுங்கள், சுரண்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக் காயவிட்டு, பால்கனியில் இல்லாமல் உள்ளறை அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள், பையை மூடிப் பூட்டாதீர்கள். அடுத்த பயணத்தில் மெழுகைச் சுரண்டிவிட்டு, சித்திரை என்றால் வெதுவெதுப்பான பனிக்குரிய மெழுகு கேளுங்கள். மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், ரப்பர் உரைகல்லால் விளிம்போடு நீளமாகத் தேய்த்தால் போய்விடும்.