குடுவைக்குள் பாலிமர் உருவாவதை நேரலையில் பார்ப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் இடங்களில் மெட்ரோலாக் என்ற அளவிடும் மிதவையை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று நின்ற நிலையிலேயே சொல்லிவிடுவார்கள். உறையவைத்து, உலர்த்தி, எடைபோட்டால் கணக்கு துல்லியமாக இருக்கும், ஆனால் நேரமாகும். சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோக்கும் பாலிமர் ஆய்வகத்திலும் இதே பாடுதான். மாதிரியை உலர்த்தி முடிப்பதற்குள் குடுவையில் வினை எங்கோ போயிருக்கும்.

ரப்பர் பாலை வைத்தே பழகலாமா என்றால், முடியாது. அதைப் பாலிமராக்கும் வேலையை மரமே முடித்துவிடுகிறது. டொலுவின் என்ற கரைப்பானில் கரைத்த மெத்தில் மெத்தாகிரிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் மோனோமர், அதாவது சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. கருவி, குடுவைக்குள் முக்கும் ஏடிஆர் வகைப் புரோப் (உணர்கோல்) பொருத்திய எஃப்டிஐஆர், அதாவது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது. எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள்.

முதலில் புரோபைத் துடைத்து, காய்ந்ததும், திரவம் எதுவும் இல்லாத பின்னணியைப் பதியுங்கள். அப்புறம் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் நைட்ரஜன் விடுங்கள். ஆக்சிஜன் மிஞ்சினால் வினை தொடங்காமல் அடம்பிடிக்கும்.

சூடு 70 டிகிரி செல்சியஸில் நிலைத்த பிறகு ஒரு ஸ்பெக்ட்ரம் (எந்த அலையெண்ணில் எவ்வளவு உறிஞ்சல் என்ற வரைபடம்) எடுங்கள். இதுதான் உங்கள் பூஜ்யம். அறைச்சூட்டில் எடுத்ததை வைக்காதீர்கள், சூட்டுக்கே அதிலுள்ள மேடு, அதாவது பீக், மாறும். இனி வினையைத் தொடக்கிவைக்கும் ஏஐபிஎன் சேர்த்து, 30 வினாடிக்கு ஒன்றாகப் பதியுங்கள்.

1638 செ.மீ.⁻¹ பீக் மோனோமரின் இரட்டைப் பிணைப்பு. சங்கிலி நீள நீள அது சுருங்கும். டொலுவினின் 1495 பீக் அப்படியே நிற்கும், அதனால் முதலாவதை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 0.80, இப்போது 0.48 என்றால் மோனோமரில் 60 சதவீதம் மிச்சம், 40 சதவீதம் மாறிவிட்டது.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை திரையில் 95 சதவீதம் மாறிவிட்டதாகக் காட்டியது, ஆனால் குடுவையைச் சாய்த்தால், கெட்டியாகியிருக்க வேண்டியது தண்ணீர் மாதிரி ஓடியது. புரோப் நுனியில் நகப்பூச்சு போல ஒரு படலம்! ஏடிஆர் பார்ப்பது நுனியை ஒட்டிய ஓரிரு மைக்ரான் ஆழத்தை மட்டும்தான். நான் அளந்தது அந்தப் படலத்தை. அதனால் கலக்கும் கருவி சுழற்றும் ஓட்டம் நுனியில் நன்றாக மோதும்படி புரோபை வையுங்கள். நடுவில் இரண்டு முறையாவது மாதிரி எடுத்து, வினையைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன் சேர்த்து ஐஸில் நிறுத்தி, உலர்த்தி எடைபோட்டு ஒப்பிடுங்கள்.

மோனோமரைத் துளிகளாகத் தண்ணீரில் கலந்து செய்யும் எமல்ஷன் என்றால் இந்த வழி சிரமம். தண்ணீருக்கே 1640 அருகில் பெரிய பீக் இருப்பதால் நம் பீக் அதில் மூழ்கிவிடும். அங்கே லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் புரோப்தான் நல்லது, ராமனில் தண்ணீர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டியூப்லைட் வெளிச்சம் ஸ்பெக்ட்ரத்தில் கோடுகளாக ஏறும். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றிவிட்டு, லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.