லைசென்ஸ் நம்பர் வரும் முன்னே ஒயர் இழுக்காதீர்கள்

கலிஃபோர்னியாவில் இன்டர்காம் வேலையில் புதிதாக இறங்கும் தம்பிகள் நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஒயரை மாற்றிக் கொடுப்பது, பவர் சப்ளை பத்தாமல் வாசல் கேமரா அணைந்து அணைந்து எரிவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நாலு வீட்டில் ஏணி ஏறினால் அது தானாகப் பழகிவிடும். லைசென்ஸ், பெர்மிட் என்ற காகித விஷயத்தில் விடும் தவறு அப்படி இல்லை. வேலை முடிந்து, பில் கொடுத்த பிறகுதான் அது தலையைக் காட்டும்.

“சின்ன வேலைதானே?”

காண்டிராக்டர் லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடிய வேலைக்கு வரம்பு 2024 வரை 500 டாலர். 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலர். இது கூலி மட்டும் இல்லை, சாமானும் சேர்த்து. அதோடு, வேலைக்கு நகராட்சியின் பெர்மிட் தேவைப்படக் கூடாது, கூட ஆள் வைத்துக்கொள்ளவும் கூடாது. 3,000 டாலர் வேலையை நாலு பில்லாகப் பிரித்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வரம்புக்குள் அடக்குவதற்காகப் பிரிப்பதைச் சட்டமே வெளிப்படையாகத் தடுக்கிறது.

பரீட்சை பாஸானால் லைசென்ஸ் வந்ததாக அர்த்தமில்லை

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இன்டர்காமுக்கு வேண்டியது சி-7, அதாவது 91 வோல்ட்டுக்கு மேல் போகாத குறைமின் வேலைகளுக்கான லைசென்ஸ். நாலு வருஷ அனுபவம் காட்ட வேண்டும், சட்டத்துக்கு ஒன்று தொழிலுக்கு ஒன்று என இரண்டு தேர்வு எழுத வேண்டும். பாஸான கையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கைரேகை, 25,000 டாலருக்கு பாண்ட் (ஜாமீன் பத்திரம்), ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய தேர்வு, கட்டணம் என்று இன்னும் வரிசையாக இருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கும் மாநில காண்டிராக்டர் போர்டு நம்பர் கொடுக்கும் நாள் வரை நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இரண்டு தேர்வும் பாஸாகி நம்பருக்குக் காத்திருந்தான். பத்து ஃபிளாட் உள்ள ஒரு கட்டடத்தில் வேலை வந்தது. ஆரம்பித்துவிட்டான். நானே போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. ஒயரெல்லாம் ஒரே சீராகக் கட்டி, ஃபிளாட் வாரியாக லேபிள் ஒட்டியிருந்தான். பாக்கிப் பணம் கேட்டபோது கட்டட உரிமையாளர் போர்டின் இணையதளத்தில் அவன் நம்பரைத் தட்டிப் பார்த்தார். லைசென்ஸ் கொடுத்த தேதி, வேலை தொடங்கிய தேதிக்குப் பிந்தி இருந்தது. பாக்கி வரவில்லை. கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டு வக்கீல் கடிதம்தான் வந்தது.

“அண்ணே, எல்லா ஃபிளாட்டிலும் மணி அடிக்குது, அப்புறம் எப்படிண்ணே காசு இல்லைங்கிறாங்க?” என்றான்.

மணி அடிப்பதை நீதிமன்றம் பார்க்காது. தொழில் சட்டத்தின் 7031-ஆம் பிரிவுப்படி, வேலை நடந்த காலம் முழுக்க லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூலிக்கு வழக்குப் போட முடியாது, நீங்கள் வாங்கியதையும் வேலை கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம். சாமான் வாங்கிய செலவைக்கூடக் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள். முன்பு லைசென்ஸ் வைத்திருந்து நடுவில் விட்டுப்போனவருக்காவது சில நிபந்தனைகளோடு கொஞ்சம் வழி உண்டு. முதல்முறை வாங்குபவருக்கு அதுவும் கிடையாது.

“லைசென்ஸ் இல்லை என்று அவருக்கும் தெரியுமே” என்பார்கள். பாம் ஸ்பிரிங்ஸ் நீர்ப்பூங்காவில் செயற்கை அலை எழுப்பும் கருவி அமைத்த நியூயார்க் நிறுவனமும் இதைத்தான் சொல்லிப் பார்த்தது. ஹைட்ரோடெக் வழக்கு, 1991. பூங்காக்காரர்கள் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பணம் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள் என்றது. அப்படியே இருந்தாலும் லைசென்ஸ் இல்லாதவருக்குப் பணம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த உரிமையாளர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. “நம்பர்தான் வரப்போகுதே, ஆரம்பிச்சுடு” என்று அவனுக்குத் தைரியம் சொன்ன பழைய ஆட்கள் மேல்தான். அவர்களுக்கு 7031 தெரியாமல் இல்லை.

கூட ஒரு கை

லைசென்ஸ் கையில் இருந்தாலும் அதை நடுவில் இழக்க வழி இருக்கிறது. ஆள் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்து தொழிலாளர் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கியிருப்பீர்கள். சீலிங்கில் ஒயர் இழுக்க மச்சானை இரண்டு நாள் கைக்காசுக்குக் கூப்பிடுவீர்கள். காப்பீடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் லைசென்ஸ் தானாகவே முடங்கிவிடும்; நோட்டீஸ் வந்தால்தான் என்றில்லை. காப்பீட்டுக்குச் சம்பளக் கணக்கைக் குறைத்துக் காட்டிய ஒரு காண்டிராக்டர் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இப்படித்தான் பணத்தை மொத்தமாக இழந்தார். அங்கேயும் அதே 7031.

அட்வான்ஸ்

வீட்டு வேலை என்றால் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. பாதிப்பணம் முன்னால் கேட்பது ஊர்ப் பழக்கம், இங்கே சட்டமீறல்.

விசிட்டிங் கார்டு

லைசென்ஸ் நம்பர் இல்லாமல் அச்சடிக்காதீர்கள்.

பூட்டில் கை வைக்கும்போது

பெர்மிட் வேண்டுமா என்பது நகரத்துக்கு நகரம் மாறும். தனி வீட்டில் குறைமின் ஒயருக்குப் பல இடங்களில் கேட்க மாட்டார்கள். அடுக்குமாடி என்றால் கதை வேறு. நகராட்சியின் கட்டடப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது இன்ஸ்பெக்டர் வரும்போது உதவாது.

வாசல் பெட்டியோடு காந்தப் பூட்டும் சேர்ந்தால் பெர்மிட் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கரண்ட் போனாலும், தீ அலாரம் அடித்தாலும் அந்தப் பூட்டு தானே விட்டுவிட வேண்டும். அதற்கு அலாரம் பேனலிலிருந்து ஒரு ஜோடி ஒயர் வர வேண்டும். பேனலைத் திறந்தால் டெர்மினல் கண் முன்னே இருக்கும், இரண்டு ஸ்குரூதான், கை துறுதுறுக்கும். தீ அலாரம் சி-7-க்குள் வராது என்று சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறது. அது சி-10 எலெக்ட்ரீஷியன் வேலை. கொட்டேஷனிலேயே “தீ அலாரம் இணைப்பு இதில் சேராது” என்று ஒரு வரி போட்டு, உரிமையாளரை நேரடியாக சி-10 ஆளோடு ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். அந்த ஆள் இணைப்புக் கொடுத்துப் போன பிறகு காந்தப் பூட்டுக்குக் கரண்ட் கொடுத்தால் போதும்.