ஏ.எம். ரேடியோ ஸ்டேஷன் விலைக்கு வருகிறதா? கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது இன்று அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே சின்ன ஊர்களில் நொடித்துப்போன ஏ.எம். (நம் பழைய மீடியம் வேவ்) ஸ்டேஷன்கள் விலைக்கு வருவது சகஜம். சிலது, ஓசூர் பைபாஸ் ஓரம் ஒரு மனை வாங்குகிற காசுக்கே கிடைத்துவிடும். "அப்பா, ஒரு ரேடியோ ஸ்டேஷன் மலிவா வருது. தமிழ்ப் பாட்டு போட்டு ஓட்டிடலாம், கொஞ்சம் பணம் அனுப்புங்க" என்று மகன் போன் செய்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் உள்ளூர்க் குழப்பம் ஒன்றை முடித்துவிடலாம். இந்தியாவில் ஏ.எம். ஒலிபரப்பு தனியாருக்குத் திறக்கப்படவே இல்லை. அது முழுக்க ஆகாசவாணியின் கையில். தருமபுரியில் 102.5-ல் கேட்கிற எஃப்.எம். நிலையமும் ஆகாசவாணியுடையதுதான். தனியார் எஃப்.எம். என்றால் ஏலத்தில் எடுக்க வேண்டும். அனுமதி 15 ஆண்டுகளுக்கு. மத்திய அரசைக் கேட்காமல் கை மாற்ற முடியாது. கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகிற சமுதாய வானொலி 100 வாட் அளவில் ஓடுவது. அதன் அனுமதியை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவே முடியாது. ஆகவே "லைசென்ஸோட சமுதாய வானொலி ஒண்ணு இருக்கு, டிரஸ்டிகளை மாத்திக்கிட்டா போதும்" என்று எந்தத் தரகராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 1995-லேயே உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருவோம்.

அங்கேயும் அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை. எஃப்.சி.சி. என்கிற மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற லைசென்ஸ் கொடுக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் எத்தனை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும், ஆணையம் ஒப்புதல் தரும் வரை லைசென்ஸ் பழைய ஆளிடம்தான் இருக்கும். விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வந்ததும் ஆட்சேபம் சொல்ல 30 நாள் உண்டு. இந்த இடைவெளியில்தான் ஆர்வக்கோளாறு வேலையைக் கெடுக்கிறது. முன்பணம் கொடுத்தாகிவிட்டதே என்று சாவியை வாங்கி, பழைய ஆட்களை நிறுத்தி, வங்கிக் கணக்கையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், அது அனுமதியில்லாமல் கை மாற்றியது ஆகிவிடும். அபராதம் வரும், விண்ணப்பமே மாட்டிக்கொள்ளும். நேரத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்த ஒப்பந்தம் போடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பொறுப்பும் கடைசி முடிவும் லைசென்ஸ்தாரரிடமே இருக்க வேண்டும்.

அடுத்தது குடியுரிமை. பச்சை அட்டை (நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கிற கிரீன் கார்டு) இருந்தால் போதும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். போதாது. பச்சை அட்டைக்காரரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். லைசென்ஸ் வைத்திருக்கிற கம்பெனியில் வெளிநாட்டவர் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதன் தாய்க் கம்பெனியில் என்றால் 25. தாய்க் கம்பெனிக்கான வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் தனியாக மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும். 2017-ல் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதிக்கு, அலாஸ்கா உள்ளிட்ட இடங்களில் இருந்த சில நிலையங்களை முழுமையாக வைத்துக்கொள்ள இப்படி அனுமதி கிடைத்தது. ஆக, வழி இல்லாமல் இல்லை. ஆனால் மலிவாக வந்த ஸ்டேஷனுக்கு வக்கீல் செலவே அதன் விலையைத் தொட்டுவிடலாம். அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து அனுப்புகிற பணம் பங்காகப் போகிறதா, கடனாகப் போகிறதா என்பதையும் முதலிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். பங்கு என்றால் அந்தக் கணக்கில் அப்பாவும் வெளிநாட்டவர்.

"இப்ப ஆஃப்லதான் இருக்கு, ஸ்விட்ச் போட்டா பேசும்" என்று ஒரு ஸ்டேஷனைக் காட்டினால், எந்தத் தேதியிலிருந்து ஆஃப் என்று கேளுங்கள். தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாமல் இருந்தால் லைசென்ஸ் தானாகவே காலாவதி. நோட்டீஸ் வராது, விசாரணை நடக்காது. ஒலிபரப்பு நின்ற பத்து நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் என்றால் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் விதி. இந்தக் கடிதங்கள் எல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து விலகும்.

நிலம் யாருடையது?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. எஃப்.எம். ஆன்டெனாவை ஒரு மாடியிலோ யாருடைய டவரிலோ ஏற்றிவிடலாம். ஏ.எம். அப்படியில்லை, அங்கே டவர் முழுவதுமே ஆன்டெனா. 1000 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அலைநீளம் 300 மீட்டர், அதில் கால்பங்கு என்றால் டவர் 75 மீட்டர் உயரம். அந்த டவரின் அடியிலிருந்து நாலா பக்கமும் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். வழக்கமான எண்ணிக்கை 120. ஒவ்வொன்றும் அதே கால்பங்கு நீளம் என்று வைத்தால் ஒன்பது கிலோமீட்டர் கம்பி! சில ஸ்டேஷன்களுக்கு ஒரு டவர் போதாது. வேறு ஊர் அலைவரிசையோடு மோதாமல் இருக்க மூன்று, நான்கு டவர்களை வரிசையாக நிறுத்தி அலையை ஒரு பக்கமாகத் திருப்புவார்கள். அத்தனைக்கும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும்.

இந்த ஸ்டேஷன்கள் கட்டப்பட்டபோது அந்த நிலம் ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது ஊர் வளர்ந்து அங்கே வந்துவிட்டது. வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். என்கிற பழைய ஏ.எம். நிலையத்தின் டவர்கள் நின்ற 75 ஏக்கர், வீடு கட்டி விற்கிற ஒரு நிறுவனத்துக்குச் சுமார் 7.4 கோடி டாலருக்குப் போனது. 2020-ல் டவர்களைத் தகர்த்தார்கள். இந்தக் கணக்கு சின்ன ஊர் ஓனருக்கும் தெரியும். அதனால்தான் நிலத்தைத் தனியாக வைத்துக்கொண்டு லைசென்ஸை மட்டும் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்கினவருக்கு டவர் அடியில் குத்தகை. ஒரு வருடம் கழித்து "காலி பண்ணுங்க" என்றால் போக்கிடம் இருக்காது. புது இடம் பார்த்து, டவர் ஏற்றி, கம்பி புதைத்து, ஆணையத்திடம் அனுமதி வாங்குவதற்குள் அந்த 12 மாதம் ஓடிவிடும். நீண்ட காலக் குத்தகையோ நிலமோ கையில் வராத ஏ.எம். ஸ்டேஷனை இனாமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

நிலம் வருகிறது என்றால் ஒருமுறை கால் நனைய நடந்து பார்க்க வேண்டும். புல்லுக்கு அடியில் கம்பி இருக்கிறதா, திருடன் பிடுங்கிப் போய்விட்டானா என்பது அலுவலகத்தில் உட்கார்ந்தால் தெரியாது. செம்புத் திருட்டு அங்கேயும் உண்டு. கம்பி போனாலும் ஸ்டேஷன் பேசும், ஆனால் கேட்கிற தூரம் சுருங்கிவிடும். 200 அடிக்கு மேற்பட்ட டவருக்குப் பொதுவாக வர்ணமும் விளக்கும் கட்டாயம். பல வருடமாக வர்ணம் அடிக்காத டவர் என்றால் அந்தச் செலவு புது ஓனர் தலையில்தான்.

ராத்திரி என்ன ஆகும்?

தருமபுரிப் பக்கம் அறுபது வயதுக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பகலில் வராத தூரத்து நிலையமெல்லாம் இருட்டியதும் மீடியம் வேவ்-இல் வந்துவிடும். பகலில் அலையை உறிஞ்சிக்கொள்கிற மேல்வானத்து அடுக்கு இரவில் மறைந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டு அலை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்குகிறது. கேட்பவருக்குக் கொண்டாட்டம், அதே அலைவரிசையில் இருக்கும் மற்ற நிலையங்களுக்குத் தலைவலி. அதனால் பல சின்ன ஸ்டேஷன்கள் சூரியன் மறைந்ததும் சக்தியைக் கிடுகிடுவென்று குறைத்தாக வேண்டும். பகலில் 5,000 வாட் போடுகிற ஸ்டேஷன் இரவில் 50 வாட்டுக்கு இறங்குவதும் உண்டு. லைசென்ஸை மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் பெரிய எண்தான் படும். டிசம்பரில் வடக்கு மாநிலங்களில் நாலரை, ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆபீஸ் விட்டுக் காரில் ஏறி, ரேடியோவைத் திருகுகிற நேரத்தில் ஸ்டேஷன் முனகிக்கொண்டிருக்கும். விளம்பரக்காரர் காசு கொடுப்பதே அந்த நேரத்துக்குத்தான்.

இதைச் சரிக்கட்டத்தான் ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் கொடுக்கிற, 250 வாட் வரையிலான டிரான்ஸ்லேட்டர் என்கிற சின்ன ஒலிபரப்பிகள் வந்தன. 2015-க்குப் பிறகு நிறைய ஏ.எம். நிலையங்கள் இதை வாங்கிக்கொண்டன. இன்று பல ஊர்களில் ஜனங்கள் கேட்பது அதைத்தான். ஆகவே விலைப்பட்டியலில் டிரான்ஸ்லேட்டர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கிறதே என்று ஏ.எம்.மை அணைத்துவிடவும் முடியாது; தாய் நிலையம் நின்றால் இதுவும் நிற்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கில் ஒரே ஒரு இடம் முக்கியம். வருமானம் என்று காட்டுவதில் எவ்வளவு பணமாக வந்தது, எவ்வளவு பண்டமாற்று? ஓட்டல் சாப்பாட்டுக்கும் கார் டயருக்கும் பதிலாக விளம்பரம் போடுவது அங்கே பழைய வழக்கம். அதுவும் ஏட்டில் வருமானமாகவே ஏறும். வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டால் சாயம் வெளுத்துவிடும். பாட்டுக்கு உரிமைத்தொகை வேறு. வானலையில் போடும்போது பாடல் எழுதியவர், இசையமைத்தவர் தரப்புக்குத்தான் கட்ட வேண்டும், ஒலிப்பதிவுக்குக் கிடையாது. அதே பாட்டை ஆப்பில் ஓட்டினால் ஒலிப்பதிவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். நம் ஆட்கள் கேட்கப்போவது ஆப்பில்தானே!

அப்புறம் அப்பாவின் பணம். இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்ப உச்சவரம்பு தலைக்கு 2,50,000 டாலர். முதலீடாகப் போகிற பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடிக்கும். பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். மாந்தோப்பை விற்று அனுப்புவது என்று முடிவானால், ஸ்டேஷன் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆணையத்தின் ஒப்புதல் வந்த பிறகு மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, முன்பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் விற்பனை முடியும் வரை பணத்தைப் பொதுவில் வைத்திருக்கிற மூன்றாம் நபரின் எஸ்க்ரோ கணக்கில் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.