எல்எஸ்யூவின் 2019 சீசனை உட்கார்ந்து பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர், ஒரே ஒரு சீசனைப் பார்த்து அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் 2019 சீசனைத்தான். சுருக்கமாக எல்எஸ்யூ. 15 ஆட்டம், 15 வெற்றி, மொத்தம் 726 புள்ளிகள், கடைசியில் தேசிய சாம்பியன் பட்டம். ஆட்டங்கள் முழுசாகவும், இடைவேளைகளை வெட்டிச் சுருக்கிய வடிவிலும் யூடியூபில் தேடினால் கிடைக்கும். சுருக்கியதே போதும், ஒரு முழு ஆட்டம் மூன்றரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். ஆனால் ஹைலைட்ஸ் மட்டும் வேண்டாம். அதில் டச்டவுனுக்குப் பின் டச்டவுனாக வந்து எல்லாமே சுலபம் போலத் தெரியும், அந்த அணி எங்கே திணறியது, திணறியபோது என்ன செய்தது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் விதி. நாலு வரி போதும். இரண்டு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். மூன்றாவதிலும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி, அதற்கு மேல் ஒரு உதைக்கு 1 அல்லது இன்னொரு முயற்சிக்கு 2. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஆகவே ஆட்டத்தின் உயிர் மூன்றாவது டவுனில்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் சேஸிங்கின் கடைசி ஓவரில் வயிற்றைப் பிசையுமே, அது இங்கே ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். திரையின் ஓரத்தில் மூன்றாவது டவுன் என்று வந்ததும் கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வழி அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

2019-இல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருடம் பின்னால் போய், 2018 நவம்பரில் எல்எஸ்யூ தன் சொந்த மைதானத்தில் அலபாமாவிடம் 29-0 என்று தோற்ற ஆட்டத்தின் முதல் பாதியை மட்டும் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரும் டைகர் ஸ்டேடியம், ராத்திரி ஆட்டம், ஊரே கத்துகிறது, ஆனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 2011 நவம்பரில் 9-6 என்று ஜெயித்ததற்குப் பிறகு அலபாமாவிடம் தொடர்ந்து எட்டாவது தோல்வி அது. அந்த எல்எஸ்யூ பழைய பாணி அணி, எல்லாரும் கும்பலாக நின்று இடித்துத் தள்ளி ஓடும். பந்தை எறியும் க்வார்ட்டர்பேக் ஜோ பரோ, ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்புக் கிடைக்காமல் அந்த வருடம்தான் இங்கே வந்திருந்தார். 2018 முழுக்க அவர் எறிந்த டச்டவுன் 16. அடுத்த வருடம் 60. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் 2019 ஏன் அப்படிப் பேசப்படுகிறது என்பது விளங்கும்.

நேரம் இருந்தால் 2019 ஜனவரி 1 அன்று நடந்த ஃபியஸ்டா பௌல் என்ற சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டத்தின் ஆரம்பத்தையும் பாருங்கள். பரோ எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொண்டு டச்டவுனுக்கு ஓடுகிறது, பின்னால் ஓடிய பரோவை இன்னொருவர் பக்கவாட்டில் வந்து அடித்துத் தரையில் சாய்க்கிறார். கொஞ்ச நேரம் எழவே முடியவில்லை. எழுந்து வந்து அந்த ஆட்டத்தை 40-32 என்று ஜெயித்துக் கொடுத்தார். அணியில் மற்ற பையன்கள் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது எப்படி என்று யாராவது கேட்டால் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

அப்புறம் என்ன மாறியது? தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் லூசியானாவின் பையூ லஃபூர்ஷ் பக்கத்து மண்ணின் மைந்தர், தொண்டையில் சரளைக்கல் உருள்வது போன்ற குரல். அவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற, முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவரைக் கூட்டிவந்து, மூத்த பயிற்சியாளரான ஸ்டீவ் என்ஸ்மிங்கரோடு சேர்த்து உட்காரவைத்தார். இருவரும் சேர்ந்து ஆட்டத்தை அகலப்படுத்தினார்கள். சில நேரம் க்வார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் ஓட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பந்து பிடிக்கக்கூடிய ஐந்து பேரையும் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். தடுப்பணியும் பரவித்தான் ஆக வேண்டும். எங்கே ஓட்டை விழுகிறது என்று பரோ கண நேரத்தில் பார்த்து எறிந்துவிடுவார். சொந்தக் கௌரவம் பார்க்காமல் இளையவரின் யோசனைக்கு இடம் கொடுத்த என்ஸ்மிங்கருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

சரி, சீசனுக்குள் போவோம். 15 ஆட்டமும் பார்க்கத் தேவையில்லை. முதல் ஆட்டம் ஜார்ஜியா சதர்னோடு, 55-3, அதில் முதல் கால் மணி நேரம் போதும், புது அமைப்பு எப்படி இருக்கிறது என்று கண் பழக. நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், யூட்டா ஸ்டேட், ஆர்கன்சா எல்லாம் ஒருதலையான ஆட்டங்கள், தாண்டிவிடுங்கள்.

செப்டம்பர் 7 டெக்சாஸ் ஆட்டத்தை மட்டும் ஒரு நொடி விடாமல் பாருங்கள். ஆஸ்டினில், எதிரி மண்ணில். கடைசி கட்டத்தில் எல்எஸ்யூ 37-31 முன்னிலை, நேரம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பாக்கி, மூன்றாவது டவுன், போக வேண்டியது 17 யார்டு. பழைய எல்எஸ்யூ என்றால் பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொல்லி, கடிகாரத்தைக் கொஞ்சம் தின்னவிட்டு, உதைத்துவிடும். இங்கே எறியத் தீர்மானிக்கிறார்கள். டெக்சாஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு பாய்கிறது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி மெதுவாக ஓடவிட்டு, பந்தைப் பார்க்காமல் பரோவின் காலைப் பாருங்கள். முன்னால் ஒரு நகர்வு, பக்கத்தில் ஒரு நகர்வு, கண் மட்டும் தூரத்தை விட்டு இறங்கவே இல்லை, மேலே வந்து விழப்போகிறவனைப் பார்ப்பதுகூட இல்லை. பந்து ஜஸ்டின் ஜெஃபர்சன் கைக்குப் போகிறது, அவர் பிடித்தபடியே திரும்பி ஓடி 61 யார்டு டச்டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது. இந்த அணி வேறு அணி என்று நாடு முழுக்கத் தெரிந்த இடம் அது, என்னைக் கேட்டால் பட்டம் அங்கேயே பாதி ஜெயிக்கப்பட்டுவிட்டது.

வேண்டர்பில்ட் ஆட்டத்தில் (66-38) ஜமார் சேஸ் பிடித்த நான்கு டச்டவுன்களை மட்டும் பார்த்தால் போதும். ஃப்ளோரிடா ஆட்டத்தில் (42-28) பரோ எறிந்த 24-இல் 21 சேர வேண்டியவர் கைக்குச் சேர்ந்தது. தவறியது மூன்றே மூன்று.

பலர் தாண்டிப்போகும் ஆட்டம் ஒன்று இருக்கிறது, நான் விடமாட்டேன். அக்டோபர் 26, ஆபர்ன், 23-20. அந்த சீசனில் எல்எஸ்யூ எடுத்த ஆகக்குறைந்த புள்ளி அதுதான். ஆபர்ன் முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்தி, பின்னால் பந்து பறக்கும் இடத்தையெல்லாம் ஆட்களால் நிரப்பிவிட்டது. அப்போது குட்டையான, பாறை போன்ற உடம்புக்காரரான ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரிடம் பந்தைக் கொடுத்துக் கொடுத்துத்தான் கரையேறினார்கள். எறிதல் அடைபட்டபோது ஓட்டம் இருந்தது, அதுவும் போதாத இடத்தில் பயிற்சியாளர் டேவ் அராண்டாவின் தடுப்பணி இருந்தது. சாம்பியன் அணியை அடையாளம் காட்டும் ஆட்டம் இதுபோல அரைகுறையாக ஆடி ஜெயித்த ஆட்டம்தான்.

அலபாமாவுக்கு (நவம்பர் 9, டஸ்கலூசா) ஒரு மாலையை ஒதுக்குங்கள், முடிந்தால் கூட ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முடிய நொடிகள் பாக்கி இருக்கும்போது எல்எஸ்யூ தடுப்பணியின் பேட்ரிக் குவீன் பந்தைப் பறிக்கிறார், உடனே எட்வர்ட்ஸ்-ஹெலேருக்கு ஒரு டச்டவுன், 33-13. முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விடாதீர்கள். அலபாமா 33-27 வரை துரத்தி வருகிறது. இரண்டாவது பாதியில் எட்வர்ட்ஸ்-ஹெலேரைப் பிடித்த ஆட்கள் அவரைக் கீழே தள்ள முடியாமல் தொங்கிக்கொண்டே போவதை எண்ணிப் பாருங்கள். 46-41. எட்டு வருடத்துக் கடன் தீர்ந்தது, அதுவும் அவர்கள் வீட்டிலேயே. முந்தைய வருடம் பார்த்த அந்த 29-0 உங்கள் கண்ணில் இன்னும் இருக்கும், அதற்காகத்தான் அதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

நவம்பர் 30 டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. முந்தைய வருடம் அந்த அணியிடம் ஏழு கூடுதல் ஆட்டநேரம் போய் 74-72 என்று தோற்றிருந்தார்கள். இந்தத் தடவை 50-7. கடைசி உள்ளூர் ஆட்டம் என்பதால், பரோ தன் பெயரை லூசியானாவின் கேஜன் பிரெஞ்சு முறையில் எழுதிய சட்டையோடு மைதானத்துக்கு வந்தார், கூட்டம் கூரையைப் பிய்த்தது. அடுத்து அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 37-10 என்று ஜெயித்து எஸ்இசி பட்டம், அதாவது எல்எஸ்யூ ஆடும் தென்கிழக்குப் பிரிவின் பட்டம். அதில் பரோ பிடிபடப்போய்ச் சுழன்று தப்பி, ஓடிக்கொண்டே ஜெஃபர்சனுக்கு எறிந்த பந்தை மட்டும் தேடிப் பாருங்கள், 71 யார்டு போயிற்று.

நடுவில் ஒரு இடைவேளை எடுத்து, டிசம்பரில் பரோ, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியபோது பேசிய பேச்சைக் கேட்கலாம். கோப்பையைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில், அவர் தென்கிழக்கு ஒஹாயோவில் தன் ஊர்ப் பக்கம் சாப்பாடு இல்லாமல் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டவர்கள் அந்த ஏதென்ஸ் கவுன்டியின் உணவு உதவி நிலையத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். ஒரு விளையாட்டு சீசன் இப்படியும் ஒரு வேலை செய்தது என்பதை நான் மறப்பதில்லை.

அன்றைய முறையில் ஒரு குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும், இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. அரையிறுதியில் ஒக்லஹோமாவை 63-28. முதல் பாதியிலேயே பரோ ஏழு டச்டவுன் எறிந்துவிட்டார், அதில் நான்கு ஜெஃபர்சனுக்கு. ஆனால் அந்த ஆட்டத்தைக் கொண்டாட்டமாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. அன்று காலை, இந்த ஆட்டத்துக்காகக் கிளம்பிய சிறிய விமானம் லஃபயெட்டில் விழுந்து நொறுங்கியதில் என்ஸ்மிங்கரின் மருமகள் இறந்துபோனார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டும் மனிதர் மாடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார்.

இறுதி ஆட்டம் 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில், அதாவது கிட்டத்தட்ட சொந்த ஊரில். எதிரில் தொடர்ந்து 29 ஆட்டம் தோற்காத கிளெம்சன். தொடக்கத்தில் எல்எஸ்யூவுக்கு ஒன்றுமே ஓடவில்லை, 17-7 என்று பின்தங்குகிறது. இங்கே அவசரப்பட்டு முன்னே ஓட்டாதீர்கள். பரோ ஒவ்வொரு முறையும் எதில் அடைபடுகிறார், பிறகு சேஸை எந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் பாதி முடிவதற்குள் மூன்று டச்டவுன். கடைசியானது தன் எல்லைக்கு ஐந்தே யார்டு தள்ளியிருந்து ஆரம்பித்து பல முயற்சிகளில் 95 யார்டு முன்னேறி எடுத்தது, அதன் நடுவே பரோ தானே பந்தோடு 29 யார்டு ஓடுகிறார், விலாவில் பலத்த அடியும் வாங்குகிறார். 28-17. கிளெம்சன் 28-25 வரை வந்து பார்த்தது, அதற்கு மேல் முடியவில்லை. 42-25. சேஸ் மட்டும் 221 யார்டு. 1958, 2003, 2007-க்குப் பிறகு எல்எஸ்யூவுக்கு நான்காவது பட்டம்.

பார்த்து முடித்தபின் கை சும்மா இருக்காது, அடுத்து என்ன என்று தேடுவீர்கள். எல்எஸ்யூவின் 2020 சீசன் பக்கம் போகாதீர்கள், 14 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) போய், பிரேடியும் அராண்டாவும் வேறு வேலைக்குக் கிளம்பியபின் அந்த அணி 5-5 என்று முடித்தது. டிராஃப்டில் முதல் ஆளாக பரோவை எடுத்தது சின்சினாட்டி பெங்கால்ஸ். அடுத்த வருடம் சேஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய 2021 சீசனிலிருந்து என்எஃப்எல் பார்க்க ஆரம்பிக்கலாம், அந்த ஜோடி ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.