பிரதேச சபை வடிகான் உங்கள் காணிக்குள் வரும்போது: எங்கே, எப்போது எதிர்ப்பது

பெக்கோ வந்து வேலிக்கு முன்னால் நின்ற பிறகு தவிசாளருக்குப் போன் எடுத்துப் பயனில்லை. வீதியோரம் மட்டக்கட்டை அடிக்கும்போதே சபைக்குத் தகவல் அறியும் விண்ணப்பம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சபைத் தீர்மானம், வரைபடம், கானின் அடிமட்டக் குறிப்புகள், சுற்றாடல் அனுமதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். "திட்ட விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கக் கடிதம்தான் வரும்.

வடிகான் அமைக்கும் அதிகாரம் சபைக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் "அதிகாரம் இல்லை" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. அறிவித்தல் தரவில்லை, உங்கள் தரப்பு விளக்கத்தைக் கேட்கவில்லை, மட்டம் பிழை என்பவைதான் நிற்கும். நில அளவையாளரைக் கொண்டு கானின் அடி, மதகின் அடி, உங்கள் முற்றம் மூன்றையும் அளப்பியுங்கள். மதகின் அடி கானின் அடியைவிட உயர்ந்திருந்தால் தண்ணீர் தேங்கும். மாரியில் வளவுக்குள் திரும்பும். கிணற்று நீரை வேலை தொடங்கமுன் ஒருமுறை சோதிப்பியுங்கள். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுக்கவேண்டும். முந்திய அறிக்கை இல்லாவிட்டால், பிறகு கிருமி கண்டாலும் "உங்கள் மலசலகூடக் குழிதான்" என்பார்கள்.

உறுதிக் காணியில் ஒரு துண்டை நிரந்தரமாக எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் வரும். 2ஆம் பிரிவு அறிவித்தல் ஆராய்வதற்கு மட்டுமே. 4ஆம் பிரிவு அறிவித்தலுக்குத்தான் ஆட்சேபம். குறைந்தது 14 நாள் தருவார்கள். அதைச் சபைக்கு அனுப்பாமல், அறிவித்தலில் சொன்ன அமைச்சின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நட்டஈடு குறைவென்றால் மீளாய்வுச் சபைக்கு 21 நாளுக்குள் மேன்முறையிடலாம். 38ஆம் பிரிவின் அவசர விதியைப் பிடித்தால் உடைமை சட்டென்று போய்விடும். அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

வன்னியில் பெரிய சிக்கல் அனுமதிப்பத்திரக் காணி. அது அரச காணி என்பதால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. ஆனால் சபையும் தன்பாட்டில் வெட்டமுடியாது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். போரில் பத்திரம் தொலைந்திருந்தால் அங்குள்ள பதிவேட்டின் பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள்.

வேலையை நிறுத்த எழுத்தாணை (ரிட்) மனு. உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் இருப்பதால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரச காணி விடயம் மாகாண நீதிமன்றத்துக்கு உரியதல்ல என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்த்துவிட்டது. அதற்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். இங்கே பிழைவிட்டால் மாதக்கணக்கில் வீண். தாமதமே மனுவைத் தள்ளக் காரணமாகும்.

பலவந்தமாக வெளியேற்றினால் ஆரம்ப நீதிமன்றத்தில், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், இரண்டு மாதத்துக்குள். பொதுத்தொல்லைக்கு நீதவானிடம், குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 98ஆம் பிரிவு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணைக்காலம் கணக்கில் சேராது. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். அதற்கு ஒரு மாதம் முன்னரே சபைக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். செலவு முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு உறுதி, வரைபடம், தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றோடும் போகலாம்.