தேடாதீர்கள், தட்டுங்கள்: உபுண்டு திரையில் முதல் நாள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளும் பள்ளிக் கணினி அறையில் லினக்ஸில்தான் பழகுகிறார்கள். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள்தான் லினக்ஸ், அதில் ஒரு வகை உபுண்டு. பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ள 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி, 2017-ல் கைட் என்ற கேரள அரசு நிறுவனமாக மாறியதே, அந்த அமைப்பு உபுண்டுவை வைத்துத் தயாரித்துத் தரும் லினக்ஸ் அது. பிள்ளைகளுக்குக் கை பழகிவிட்டது. அதே உபுண்டுவை வீட்டு லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

திரையை முதலில் நன்றாகப் பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஐகான்கள் நிற்கும் பட்டைக்கு டாக் என்று பெயர். மேல் ஓரத்தின் நடுவில் தேதியும் நேரமும் இருக்கும். வலது மூலையில் வைஃபை, ஒலி, பேட்டரி. கணினியை அணைப்பதும் அங்கேதான். நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் டெஸ்க்டாப். அங்கே ஒன்றும் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

இப்போது விசைப்பலகையில் கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் விசையை ஒரு முறை தட்டி விடுங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் அதன்மேல் விண்டோஸ் சின்னம் இருக்கும். உபுண்டுவில் அதற்குப் பெயர் சூப்பர் விசை. தட்டியதும் திறந்திருக்கிற விண்டோக்கள் சுருங்கி நிற்கும், மேலே தேடும் பெட்டி வரும். மவுஸைத் தொடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சி, ஏ, எல் என்று அடியுங்கள். கால்குலேட்டர், காலண்டர், கணக்கு அட்டவணை போடும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்று கணினியில் இருப்பதெல்லாம் வரிசையாக வரும். இன்னொரு சி அடித்தால் காலண்டர் விலகிவிடும். அம்புக்குறியால் வேண்டியதற்கு நகர்ந்து என்டர் தட்டினால் அது திறந்துகொள்ளும். பெயர் மறந்துபோனால் வேலையைச் சொல்லிக் கேட்கலாம்: ஸ்ப்ரெட்ஷீட் என்று ஆங்கிலத்தில் அடித்தாலும் கால்க் வந்து நிற்கும்.

எல்லாச் செயலிகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? டாக்கின் அடியில் ஒன்பது புள்ளிகள் இருக்கும், புதிய பதிப்புகளில் உபுண்டுவின் வட்டச் சின்னம். அதைக் கிளிக் செய்யுங்கள், அல்லது சூப்பரோடு ஏ தட்டுங்கள். அடிக்கடி தேவைப்படுவதை அங்கிருந்து இழுத்து டாக்கில் விட்டால் அங்கேயே தங்கிவிடும். ஆனால் எனக்குத் தட்டித் தேடுவதுதான் பிடிக்கும். ஐகான்களுக்கு நடுவில் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பதைவிட மூன்று எழுத்து அடிப்பது வேகம்.

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் பதறுவது, திறந்த விண்டோ காணாமல் போகும்போதுதான். பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாயங்காலம் ஓடி வந்தார். “கண்ணு, மாசக் கணக்கெல்லாம் போயிருச்சு!” போய்ப் பார்த்தால் டாக்கில் கால்க் ஐகானின் இடது ஓரத்தில் சின்னதாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி. “அக்கா, இந்தப் புள்ளி இருக்கிற வரைக்கும் கணக்கு உள்ளேதான் இருக்குது” என்றேன். ஐகானைத் தொட்டதும் முழுப் பக்கமும் எழுந்து வந்தது. விண்டோவின் வலது மேல் மூலையில் இருக்கும் சிறு கோட்டை அவர் தெரியாமல் தொட்டிருக்கிறார். அது மறைக்கும், மூடாது. அதே வரிசையில் கடைசியில் இருக்கும் பெருக்கல் குறிதான் மூடும். இரண்டு புள்ளி தெரிந்தால் இரண்டு விண்டோ திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் தட்டினால் திறந்திருப்பவை வரிசையாக வரும், வேண்டியது வந்ததும் கையை எடுத்தால் போதும். சூப்பரோடு டி எல்லாவற்றையும் மறைத்து டெஸ்க்டாப்பைக் காட்டும், மறுபடி தட்டினால் திரும்பி வரும். இந்த இரண்டையும் ஒரு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

அப்புறம், தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால் சூப்பரோடு ஸ்பேஸ் தட்டி மொழி மாறலாம். தேடும் பெட்டியில் சி, ஏ, எல் அடித்தும் தமிழ் எழுத்தாக விழுகிறதா? மொழி தமிழில் நிற்கிறது. சூப்பரோடு ஸ்பேஸ் தட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.