வெயிலில் புளித்த இட்லி மாவைச் சரிசெய்த விதம்

குடியாத்தத்தில் நானும் என் கணவரும் சிற்றுண்டிக் கடை தொடங்கியது கோடையில். சமையல் என் பொறுப்பு. கல்லாவும் கொள்முதலும் அவருடையவை. வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மாலையில் ஆட்டிய மாவு நள்ளிரவிலேயே பொங்கி வழிந்து, விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் வந்த வயதான நெசவாளர் ஒருவர், “புளிக்கிறதே அம்மா” என்று தட்டைத் தள்ளி வைத்தது எனக்குத் தாங்கவில்லை.

உளுந்து மாவைத் தொட்டுப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. கிரைண்டரிலிருந்து எடுக்கும்போதே வெதுவெதுப்பாக இருந்தது. கல் சுழலும் சூட்டோடு ஊரின் சூடும் சேர்ந்தால் மாவு எப்படித் தாங்கும்?

“ஏங்க, பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடைத்தால் போதும்” என்றேன். செலவைப் பார்த்துத் தயங்கினாலும் வாங்கி வந்துவிட்டார். ஊறிய உளுந்தை அதில் குளிரவைத்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்டினேன். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். ஆட்டும் நேரத்தையும் இரவு பத்து மணிக்குத் தள்ளினோம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. பொங்கியதும் இட்லிக்கு வேண்டியது போக மீதி, தோசைக்காக ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். விடியற்காலையில் எழுந்து மாவைப் பார்ப்பதை அவரே ஏற்றுக்கொண்டார். என் தூக்கத்துக்கு அது பெரிய உதவி.

இப்போது இட்லி பூப்போல வருகிறது, முள் கத்தரிக்காய் கொத்சுவோடு காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் மட்டும் ஐஸ் தண்ணீரை நிறுத்திவிட்டு, மாலையிலேயே ஆட்டிவிடுகிறோம்.